தென்காசிக் காற்று

கோவில்பட்டிக் கரிசல் எப்போதோ பின்னால் போயிருந்தது. தென்காசி ரயிலின் ஜன்னலில் மலை நீலமாக மிதந்தது. முத்துசெல்வி சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு பார்க்கிற விசேஷமா?" எதிர் சீட்டு அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா, கோயில்ல வச்சு. பிடிக்கலைன்னா சும்மா சாமி கும்பிட்ட மாதிரி வந்திரலாம்லா?"

"அதான் கெனா காணுதியோ!"

பக்கத்தில் இருந்த அம்மா கிருஷ்ணவேணி மகள் பக்கம் சாய்ந்தாள். "ஏட்டி, அவிய வேண்டாம்னுட்டா?"

"மொதல்ல நமக்குப் பிடிக்கணும்லா!"

பாண்டியர் காலத்துக் கோயில் வாசலில் காற்று ஆளையே தள்ளியது. மாப்பிள்ளை நரைத்த மீசைக்குள் சிரித்தார். அவருடைய அக்கா மல்லிகைச் சரத்தோடு வந்தாள், முத்துசெல்வியைத் தாண்டிப் போனாள்.

"வச்சுவிடட்டுமா?"

புருஷன் போனதிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பூ வைக்காத கிருஷ்ணவேணி, மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெல்லத் தலையைக் குனிந்துகொடுத்தாள்.