வீட்டுக்காரர்

வாரியக் குடியிருப்பில் வாடகை வாங்க, குறை கேட்க என்று மனுஷர் யாரும் கிடையாது. எல்லாவற்றையும் சுவரே பார்த்துக்கொண்டது. குழாய் ஒழுகினால் சுவரிடம் சொன்னால் போதும், சரிசெய்துவிடும். வீட்டில் ஆள் குறைந்தாலும் மூன்று நாளுக்குள் அதனிடம் சொல்லிவிட வேண்டும். அது குடியிருப்பவர் கடமை. தனி ஆள் என்றாகிவிட்டால் பின்கட்டடத்து ஒற்றை அறைக்கு மாறவேண்டியதுதான்.

புருஷன் கன்னியப்பனைத் தூக்கிக்கொண்டு போன மூன்றாம் நாள், அஞ்சுகம் சுவர் முன்னால் போய் நின்றாள். அழுகை எப்போதோ தீர்ந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு.”

சுவர் கொஞ்சம் யோசித்தது.

“வீட்டுக்காரர் நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை. குடியிருக்கிறவங்கள்ல யாராவது இல்லைன்னா பேரைச் சொல்லுங்க.”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். இப்போது அந்தப் பேர் தொண்டைவரை வந்தது. சொன்னால் மூட்டை கட்ட வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

“பேர் சொல்லலைன்னா ரெண்டு பேர்னே வச்சுக்கிறேன். சரிதானே?”

“சரி.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் குளியலறை விளக்கு எரிந்தது.

“கன்னியப்பன், வெந்நீர் ரெடி,” என்றது சுவர். பதில் வரும்வரை அது கூப்பிடுவதை நிறுத்தாது. அஞ்சுகம் எழுந்துபோய், கொடியில் கிடந்த அவன் துண்டை எடுத்துக் குளியலறைக் கதவின் மேல் போட்டாள்.

“வர்றாரு,” என்றாள்.