இடது பக்க இன்ஜின்

"இடது பக்க இன்ஜினை மறுபடியும் திறங்க."

இன்ஸ்பெக்டரம்மா சொன்னதும், விமானம் பழுது பார்க்கும் அந்தப் பெரிய கொட்டகையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மேடம், நேத்துதானே முடிச்சு மூடினோம்?" என்றார் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் அது. "டெஸ்ட் பாஸ். நேத்து ஷிப்ட் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்தும் போட்டாச்சு. மத்தியானம் இது கிளம்பணும்."

"தெரியும். திறங்க."

அந்த ரக விமானங்கள் எல்லாவற்றிலும் இன்ஜின் தீயணைப்புக் கருவியைச் சோதித்து, பழைய ஒயர் இணைப்புகளை மாற்றியே ஆக வேண்டும் என்று உத்தரவு. இன்ஜினில் தீப்பிடித்தால் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார். சிலிண்டரிலிருந்து வாயு பாய்ந்து தீயை அமுக்கும். ஒயர் இணைப்பு லூசாக இருந்தாலோ, என்னதான் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது.

இடது பக்க இணைப்பை மாற்றியவர் வேறு யாருமில்லை, இன்ஸ்பெக்டரம்மாவின் கணவர்தான். டார்ச்சும் கையுமாக அங்கேயே நின்றிருந்தவர், ஏணியில் கால் வைத்தார்.

"நீங்க வேண்டாம்," என்றார் மனைவி. "வேற யாராவது ஏறட்டும்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கணவர் டார்ச்சை ரேடியோவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

டீ நேரத்தில் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்.

"வீட்டுல என்ன தகராறு மாப்ளே? மறைக்காம சொல்லு."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா கட்டின புருஷன் செஞ்ச வேலையை ஊரைக் கூட்டிப் பிரிச்சுப் பார்ப்பாங்க? சாப்பாட்டுல உப்பு பத்தலைன்னு ஏதாவது சொல்லித் தொலைச்சியா?"

"அட, அது இல்லண்ணே," என்றாள் எலெக்ட்ரீஷியன் பெண். "சீஃப் இன்ஸ்பெக்டர் பதவி காலியாகுதில்ல? புருஷன்னு கூடப் பார்க்காத கறார் பேர்வழின்னு பேர் வாங்க வேண்டாமா? அதுக்கு இவர் தலைதான் கிடைச்சுது."

"பாவம்யா நீ. வீட்டுலயும் இன்ஸ்பெக்‌ஷன், இங்கயும் இன்ஸ்பெக்‌ஷன்!" என்றார் ரேடியோ.

எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இறக்கைக்குக் கீழே அவர் மனைவி தனியாக நின்றிருந்தார். டீ குடிக்க வாங்க என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. கணவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

இன்ஜின் மூடி திறந்தது. ரேடியோ வெளிச்சம் காட்ட, இன்ஸ்பெக்டரம்மாவே மேலே ஏறினார். கையை உள்ளே விட்டு இணைப்பைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. அது கழலாமல் கட்டியிருந்த பூட்டுக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. டெஸ்ட்டையும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் சரி.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கு மேடம்!" கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் ரேடியோ. "உங்க வீட்டுக்காரர் வேலையாச்சே!"

"நல்லது. மூடுங்க."

சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். கணவர் பக்கம்கூடத் திரும்பவில்லை. இதற்கு என்ன நெஞ்சழுத்தம் வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் பெண் முணுமுணுத்தாள்.

மேனேஜர் விறுவிறுவென்று வந்தார்.

"மத்தியான ஃப்ளைட் சாயங்காலம் ஆகும் போலிருக்கு. பயணிங்க கவுன்ட்டரை உடைக்காத குறை. என்ன கோளாறு கண்டுபிடிச்சீங்க?"

"கோளாறு எதுவும் இல்ல சார்."

"இல்லையா? ஒரு கோளாறும் இல்லாத இன்ஜினையா காலையிலேருந்து திறந்து போட்டு வேடிக்கை பார்த்தீங்க?"

"சந்தேகம் இருந்துச்சு சார். சந்தேகத்தோட அனுப்ப மனசு வரல."

"கையெழுத்துப் போட்டு முடிச்ச வேலையில என்ன சந்தேகம்? ஆளுக்கொரு சந்தேகம் வந்தா விமானம் பறக்காது, நம்ம வேலைதான் பறக்கும்! சீஃப் பதவிக்கு உங்க பேரைச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே யோசிக்கணும்."

இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் வெளுத்தது. பல வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த பதவி. ஆனாலும் குரல் மாறவில்லை.

"உங்க இஷ்டம் சார்."

"சரி, இந்தச் சந்தேகத்தை யார் கிளப்பினது? மேலிடத்துலேருந்து யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். எனக்கே தோணுச்சு."

கருவிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்த கணவர் முன்னால் வந்தார். மனைவி கண்ணாலேயே தடுத்தார். அவர் நிற்கவில்லை.

"பொய் சொல்றா சார்."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டார்.

"அந்த இணைப்பைக் கடைசியா இறுக்கினேனா இல்லையான்னு வீட்டுக்குப் போனப்புறம் சந்தேகம் வந்தது எனக்குத்தான். இங்க சொன்னா சிரிப்பாங்களேன்னு வெட்கப்பட்டு இவகிட்ட மட்டும் சொன்னேன். காலையிலேருந்து இவ வாங்கிக் கட்டிக்கிட்டதெல்லாம் என் பங்கு சார்."