கீழ்மூலையில் ஒரு தட்டு

டயர் மேல் உட்கார்ந்த பெரியவர் எழுந்திருக்கவே இல்லை.

டீ வந்தது. வேண்டாம் என்றார். குடிக்கத் தலை குனிகிற நேரத்தில் பழைய சாமானையே துடைத்து மாட்டிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பெட்ரோல் போடப் போனாலும் இறங்கி மீட்டர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிற ஆள்.

அவருடைய பிக்கப் வண்டி மேடு ஏற மறுத்துவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கட்டும் என்று ஃபோர் வீல் போட்டால் விளக்கு மினுக்கும். பின்சக்கரம் மட்டும் சுற்றும். இதற்கு முன் காட்டிய ரெண்டு கடையிலும் கியர் பெட்டியே போச்சு, மொத்தமாக மாற்று என்று கூசாமல் சொன்னார்கள்.

இந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்தது ஒரு பெண். காலையில் முதலாளி அவளிடம் சொன்னது பெரியவர் காதிலும் விழுந்தது.

"இத நீ தனியாப் பாரு. இந்த மனுஷன் வாயால நல்லாருக்குன்னு சொல்லிட்டாருன்னா, ரெண்டாவது ரிப்பேர் குழி உனக்கு. இல்லையா, பழையபடி வண்டி கழுவப் போயிடு."

வந்ததிலேயே கறாரான ஆளாகப் பார்த்து அவள் தலையில் கட்டிவிட்டார்.

வண்டிக்கு அடியில் போனவள் முழங்கையெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தாள்.

"கியர் பெட்டி கல்லு மாதிரி இருக்குங்க பெரியவரே. அதுக்கு உத்தரவு போடற கன்ட்ரோல் பாக்ஸ்தான் செத்துப்போச்சு."

"கடைக்கு ஒரு பெட்டி சொல்றீங்கம்மா."

அவள் முன்சீட்டில் ஏறினாள். அந்த பாக்ஸ் டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கிறது. அறையின் மூடி பட்டனை அழுத்தினால் திறக்காது. ரெண்டு கடைக்காரர்களும் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிய தழும்பு அதன் மேல் இருந்தது.

அவள் கையை மடக்கி, மூடியின் கீழ்மூலையில் ஒரு தட்டு தட்டி, மேல்பக்கமாகத் தூக்கினாள். திறந்துகொண்டது.

பெரியவர் சட்டென்று தலையைத் திருப்பினார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தும்மா, உடைச்சுகிடைச்சு வெச்சுடாத" என்று பெரியவர் அவளை அதட்டினார்.

கழற்றிய பாக்ஸின் கம்பிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவள் டார்ச்சை மேலே பிடித்து, முன்கண்ணாடியின் ஓரம் வரைக்கும் ஈரத்தின் வழியைத் தேடிக்கொண்டு போனாள்.

"மழைத்தண்ணி இது மேலதான் சொட்டியிருக்கு. இங்க தார் பூசி அடைச்ச புண்ணியவான் யாருங்க?"

"பூசினவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தாரைச் சுரண்டினாள். புது ரப்பர் வைத்தாள். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, சொட்டு இறங்கவில்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் புது பாக்ஸை மாட்டினாள். பழையதை, அவர் கேட்பதற்கு முன்பே அவர் மடியில் வைத்தாள்.

சாவியைத் திருப்பினாள். விளக்கு மினுக்கியது.

முதலாளி உச்சுக் கொட்டினார். மடியில் இருந்த செத்த பாக்ஸைப் பெரியவர் இறுக்கிப் பிடித்தார். ஆனாலும் காசு கொடுக்கப்போகிற ஆள் சும்மா இருக்க முடியுமா?

"என்னம்மா, புதுசும் பழசு மாதிரியே கண்ணடிக்குது?"

"இப்பத்தான வந்திருக்கு. இது எந்த வண்டின்னு இன்னும் அதுக்குச் சொல்லல." நிமிர்ந்தும் பார்க்காமல் ஸ்கேனரைச் சொருகினாள்.

என்னென்னவோ அழுத்தினாள். சாவியைத் திருப்பி அணைத்தாள், மறுபடி போட்டாள். விளக்கு ஒருமுறை மினுக்கியது. அப்புறம் நின்று எரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு களிமண் மேடு. முந்தின நாள் மழையில் வழவழவென்று கிடந்தது. கழித்துப்போட்ட இன்ஜின் ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டினாள். பாதி மேட்டில் பின்சக்கரம் வழுக்கி, சேறு ஆளுயரம் பறந்தது. மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி உறுமிக்கொண்டே உச்சியில் போய் நின்றது.

இறக்கிக் கொண்டுவந்ததும் பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். குற்றம் இருந்தால் சொல்லத்தான் போகிறார். இல்லை.

"நல்லாருக்கு."

அந்த வார்த்தை அவருக்குப் பழக்கம் இல்லாதது.

அவர் ஏறி வண்டியைக் கிளப்பும்போது முதலாளி அந்தப் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். டேஷ்போர்டு மூடியின் பட்டனை அழுத்தினார். திறக்கவில்லை. இழுத்தார். ம்ஹூம். கையை மடக்கிக் கீழ்மூலையில் ஒரு தட்டு தட்டித் தூக்கினார். திறந்துகொண்டது.

"இத அவகிட்ட நீங்க சொல்லவேயில்லையே பெரியவரே. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

பெரியவர் கியரில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்த மூடிய உடைச்சதே அவதான். ஆறு வயசுல, மேல ஏறி மிதிச்சு. நான் போட்ட சத்தத்துல ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமல் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டினதையே மறுபடி சுருட்டினாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, பெத்தவன் விட்டுக்கொடுத்துட்டான்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

முதலாளி மூடியை மெல்லச் சாத்தினார். பிறகு கொட்டகை அதிரக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, ரெண்டாவது குழியில கெடக்கற குப்பைய அள்ளு. இனிமே அது உன்னோடது."

பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி, காய்ந்த தார் ரோட்டில் ஏறியதும் ஃபோர் வீலைப் போட்டார். சமதளத்தில் அது தேவையில்லை, வண்டிக்கும் ஆகாது. அவள் பார்த்திருந்தால் திட்டியிருப்பாள்.

விளக்கு நின்று எரிந்தது. கொஞ்ச தூரம் எரியட்டும் என்று விட்டார்.