பதினாலாம் நம்பர்

தவறு என்பது மற்ற மனிதர்களுக்கு மட்டுமே நேர்வது என்று, வங்கியின் அடமானப் பதிவுப் பிரிவுக்குப் புதிதாக வந்தவன் அறிவித்தான்.

பக்கத்து மேஜை அக்கா, காலி நாற்காலி ஒன்றைப் பார்த்து ஓர் இயந்திரத்தின் எண்ணை இலக்கம் இலக்கமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி என்னக்கா சொல்லுது? சரின்னுதா?"

"சிரிடா. உன் ஃபைல்ல நம்மகிட்ட அடமானம் இருக்கிற அச்சு இயந்திரத்தோட பதிவு இன்னிக்கு அஞ்சு மணிக்குக் காலாவதி. ஒரு இலக்கம் தப்பினாலும் புதுப்பிச்சது செல்லாது. இயந்திரத்து மேல உரிமை அடுத்த பேங்குக்கு, உன் வேலை அடுத்த ஆளுக்கு."

அக்கா டீ வாங்கப் போனாள். அவன் புதுப்பிப்புப் படிவத்தை அனுப்பப்போன நொடியில் அவன் மேஜை போன் அடித்தது. அதன் திரையில் அலுவலக உள் இணைப்பு எண் 14.

"தம்பி, ஆறாவது இலக்கம் எட்டு இல்லப்பா, மூணு" என்றது ஒரு கிழக்குரல்.

பத்திரத்தைப் பார்த்தான். மூன்றேதான். வியர்க்க வியர்க்கத் திருத்தினான்.

அக்கா திரும்பியதும் கேட்டான்: "பதினாலாம் நம்பர் யாரோடதுக்கா? நல்ல மனுஷன்."

அக்கா டீயை மேஜையில் வைத்தாள். "இந்த நாற்காலிக்காரரோடது. அவர் செத்த அன்னிக்கே போனைக் கழட்டிட்டாங்களேடா."

மணி நாலரை. அவன் காலி நாற்காலியின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதல் இலக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு, மறுப்பு வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தான்.