இஸ்ஸிஹ் என்றால் இங்கே

மெத்தையில் சுருண்டு கிடந்த ஹிருத்தின் அடிவயிற்றில், வலப்பக்கம் விரலை வைத்து, "இஸ்ஸிஹ்?" என்றாள் இவள்.

இங்கேயா?

ஹிருத் வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஆமாம் என்று அர்த்தம். எத்தியோப்பியாக்காரர்கள் அப்படித்தான் ஆமாம் சொல்வார்களாம். வேலைக்கு வந்த புதிதில், எதைக் கண்டு பயந்தாளோ என்று இவள் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் ஹிருத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இதே வயிறு.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு அம்ஹாரிக் தெரியாது. இஸ்ஸிஹ், இங்கே. இஸ்ஸியா, அங்கே. இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் இந்த வளைகுடா வீட்டைத் துடைத்தார்கள், துவைத்தார்கள், கதையும் பேசினார்கள். ஜன்னலைக் காட்டி ஹிருத் இஸ்ஸியா என்றால் அவள் பிள்ளைகள். இவள் சொன்னால் ஊர் சாயல்குடி, அம்மா.

அறை வாசலில் மேடம்.

இவள் தெரிந்த அரபியில் கெஞ்சினாள். "ஆஸ்பத்திரிக்கு மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"விருந்தாளி வர்ற அன்னைக்குத்தான் இவளுக்கு வயித்துவலி வரும். நீ போய் கோழியைக் கழுவு."

கதவு சாத்திக்கொண்டது.

அவசர எண்ணுக்கு அடித்தாள்.

எங்கே என்று கேட்டார்கள்.

வந்ததிலிருந்து கேட்டைத் தாண்டியதில்லை. தெருப்பெயர் தெரியாது.

இங்கே, என்றாள்.

எங்கே?

இங்கே.

லைன் அறுந்துபோனது.

போனை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தாள். சொல்லச் சொல்ல எழுத்து விழுந்தது.

அம்மா என்கூட வேலை பாக்குற அக்காவுக்கு ரொம்ப முடியலம்மா என்ன செய்யன்னே தெரியல பயமா இருக்கு

அழித்தாள்.

அம்மா இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்

அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. அந்தச் சிரிக்கிற புள்ளைய நான் கேட்டேன்னு சொல்லு.

ஹிருத்தின் முகம் தெளிந்திருந்தது. வலி நின்றுவிட்டதுபோல. நெற்றி வேர்வை மட்டும் சில்லென்று இருந்தது.

கை மெல்ல எழுந்து ஜன்னலைக் காட்டியது.

"இஸ்ஸியா."

அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். மெத்தைமேல் வைத்து, எழவிடாமல் அழுத்திக்கொண்டாள்.

"வேணாங்க்கா. இஸ்ஸிஹ். இஸ்ஸிஹ், என்னக்கா?"

வெளியே தட்டுகள் அடுக்கும் சத்தம். மேடம் இவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

குனிந்து, காதை ஹிருத்தின் வாயருகே கொண்டுபோனாள்.

அந்த ஒரு ஆமாமுக்காக.