காணாமல் போன கத்திரிக்கோல்

நூலகர் இழுத்த வேகத்தில் டிராயர் கழன்று, உள்ளே இருந்ததையெல்லாம் அவர் காலிலேயே கொட்டியது. நொண்டிக்கொண்டே போய், மாற்றலாகி வெளியூரில் இருக்கும் மனைவிக்கு போன் போட்டு சமையல் மேடைமேல் சாய்த்து வைத்தார்.

"கத்திரிக்கோலைக் காணோம்மா."

"மூணாவது டிராயர், பேட்டரிக்குப் பக்கத்துல."

"இல்லையே."

"முந்தாநாள் டேப்பு, நேத்து நகவெட்டி. பத்தாயிரம் புத்தகத்துல ஒண்ணைத் தேடித் தர்ற ஆளா நீங்க?"

"நீ இல்லாம வீடே குப்பையாக் கிடக்கு. எப்பதான் வருவே?"

"பேச்சை மாத்தாம நல்லாத் தேடுங்க."

"அரைமணியாத் தேடுறேன்."

"ஆரம்பத்துலேருந்து வீடியோல வர்றீங்க. கத்திரிக்கோல் உங்க கையிலதான் இருக்கு."

நூலகர் அசடு வழிந்தார். மனைவி சிரித்தாள், பிறகு தன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இங்க என் ரூம்ல எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்குங்க. உங்களுக்கு போன் பண்ண ஒரு காரணமும் கிடைக்கல. வெள்ளிக்கிழமை வர்றேன்."