சேதி சொல்கிறவர்

“சீரியஸா இருக்குதுன்னு மட்டும் இப்போதைக்குச் சொல்லலாமுங்களா மாமா?”

கந்தவேல் முதலாளி கிட்டுசாமியிடம் கேட்டான். அவர் வைத்த ரிசீவர் மேலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ராயபுரத்தில் அந்த வீதிக்கே போன் இருந்தது அவருடைய பனியன் கம்பெனியில் மட்டும்தான். யார் வீட்டுக்கு அவசரச் செய்தி என்றாலும் அங்கேதான் வரும். வந்ததை உரியவரிடம் கொண்டுபோய்ச் சொல்வது குமாஸ்தா சென்னிமலையின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. கல்கத்தா வியாபாரிகளுக்குக் கடிதம், தந்தி, தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் எல்லாம் அவர் கை என்பதால் இதுவும் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

தபாலாபீஸ் போயிருந்த சென்னிமலை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

“சாவுச் சேதியுங்களா மொதலாளி?”

கிட்டுசாமி தலையசைத்தார்.

“லிங்கசாமிக்குங்களா? அவங்கம்மா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னு சொல்லிட்டிருந்தான்.”

கந்தவேல் குனிந்து மேஜையைப் பார்த்தான். சென்னிமலை குடையை மூலையில் சாய்த்தார்.

“பின்னாடி மெசின்லதான இருப்பான். நான் போய்ச் சொல்லிக்கறனுங்க.”

“இல்லீங்க. இந்த வாட்டி நான்தான் சொல்லோணும்.”

சென்னிமலைக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலாளி இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

“நல்லதுங்க. எப்பிடிச் சொல்றதா இருக்கறீங்க?”

“அதுதானுங்க தெரியலை.”

கந்தவேல் தொண்டையைச் செருமினான். கோயமுத்தூரில் வணிகம் படித்துவிட்டு அண்மையில்தான் மாமாவின் கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

“எடுத்த எடுப்புல சொல்லக் கூடாதுங்க மாமா. காலேஜ்ல பாடமே இருக்குது. மொதல்ல இதமா ஏதாச்சும் பேசோணும். அப்பறம் காரணத்தைச் சொல்லோணும். கெட்ட சேதி அதுக்கப்பறம்தான்.”

“அது கல்கத்தாக்காரருக்குச் சரிங்க தம்பி,” என்றார் சென்னிமலை. “வெலை ஏத்தறப்ப நானும் அப்பிடித்தான் எழுதறேன். நலம் விசாரிச்சு, நூல் வெலையச் சொல்லி, கடைசியிலதான் நம்ம வெலைக்கு வருவேன். சாவு அப்பிடி இல்லீங்க.”

சென்னிமலை அவனருகே வந்து நின்றார்.

“பனியன் மடிக்கிற மயிலாத்தாளைத் தெரியுமில்லீங்க? அவங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரியில தவறிப்போனப்ப, முந்தி இருந்த மேஸ்திரி, ‘அவருக்குக் கொஞ்சம் முடியலையாம், போய்ப் பாத்துட்டு வா’ன்னு அனுப்பிட்டாரு. அந்தம்மா போற வழியில எறங்கிச் சாத்துக்குடி வாங்கிட்டுப் போயிருக்குது. அங்க போனா எல்லாம் முடிஞ்சிருக்குது. ‘பழம் வாங்க உட்டுட்டீங்களே’ன்னு எங்கிட்டக் கேட்டுச்சுங்க. வேற ஒண்ணும் கேக்கலை.”

கந்தவேல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“கலங்காதீங்க தம்பி. மொதல் வாட்டி அப்பிடித்தான் இருக்கும்,” என்ற சென்னிமலை முதலாளியிடம் திரும்பினார். “நேராச் சொல்லிப் போடுங்க. பேரைச் சொல்லுங்க. செத்துட்டாங்கங்கற வார்த்தையச் சொல்லுங்க. சீரியஸ், முடியலை, கெளம்பி வரச் சொன்னாங்க, இதெல்லாம் நாம தப்பிச்சுக்கறதுக்குச் சொல்றதுங்க. நிக்க வெச்சுச் சொல்லாதீங்க. மெசின் சத்தத்துல சொல்லாதீங்க. காதுல உழுகாம ‘என்னங்க’ன்னு கேட்டா, மறுக்காவும் சொல்ல நமக்கு வாய் வராது.”

கிட்டுசாமி கந்தவேலைப் பார்த்தார். அவன் எழுந்து பின்பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும் மேஜைக் கண்ணாடியும் அடங்கியது.

“சொன்னதுக்கப்பறம் என்னங்க செய்யறது?” முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிக்காதீங்க. எந்திரிச்சுப் போயிராதீங்க. சில பேரு அழுவாங்க. சில பேரு சம்பந்தமில்லாம என்னமோ கேப்பாங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் பக்கத்துலயே இருங்க. அவ்வளவுதானுங்க.”

“நம்மால ஆகுமுங்களா?”

“ஆகுமுங்க. சொல்றவங்க யாருன்னு அவங்க கடைசி வரைக்கும் மறக்க மாட்டாங்க. அதனால வேண்டப்பட்டவங்க சொல்றதுதான் நல்லதுங்க.”

வெளியே காரணம் தெரியாமல் ஆட்கள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“லிங்கசாமி வெளிய வந்திருப்பான். கூட்டிட்டு வர்றனுங்க,” என்று சென்னிமலை கதவுப் பக்கம் திரும்பினார்.

கிட்டுசாமி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். தன்னுடைய நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“லிங்கசாமிக்கு இல்லீங்க சென்னிமலை. பல்லடத்துல பஸ் கவுந்திருச்சுங்க. உங்க பையன் வேலுமணி செத்துட்டானுங்க.”